உப்புக்காற்றில் நிற்கும் சின்ன விமானம்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விடலாம்

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தார். வளைகுடா நாட்டில் வேலை, ஒரு மாத லீவு. அங்கே கடலோரத்தில் உள்ள ஒரு பறக்கும் கிளப்பில் நாலு பேர் சேர்ந்து இரண்டு சீட் விமானம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். உடம்பு முழுக்க அலுமினியத் தகடு, 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இறக்கையின் அடிப்பக்கம் ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளை பூத்திருக்கிறது. போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"அண்ணே, ஆளுக்கொரு லிஸ்ட் போட்டிருக்கோம். ஒருத்தர் மூடுன ஹேங்கர் வேணுங்கிறார், ஒருத்தர் லித்தியம் பேட்டரிங்கிறார், இன்னொருத்தர் ஏதோ ஸ்ப்ரேங்கிறார். எல்லாத்துக்கும் காசு கிடையாது. எதை முதல்ல செய்யிறது?"

இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டுக் கிளப்களில் சின்ன விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவன் நான். இப்போது ஊரோடு வந்து, பைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். நம்ம பக்கம் சொந்த விமானம் வைத்துப் பறக்க இடம் ஏது? உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறது, ஆனால் அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. நாம் வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனாலும் கடல் கடந்து போன நம்மூர் ஆட்களில் இந்தத் தம்பியைப் போல இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: விமானக் கம்பெனியின் கையேடு என்ன சொல்கிறதோ அதற்குப் பிறகுதான் என் பேச்சு. உரிமையாளர் தன் கையால் செய்யலாம் என்று அந்தந்த நாட்டுச் சட்டம் விட்டிருக்கும் வேலை எது, லைசன்ஸ் உள்ள எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டியது எது என்று பார்த்துக்கொண்டு ஸ்பேனரை எடுங்கள்.

உப்பு வேர்க்கும்

மண்டபத்தில் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் வருவது உப்புக்காற்றுதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபம் கேம்பில் தனியாக ஒரு பிரிவே வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை உப்பு அரித்து அரித்துத்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், புதிதாக வாரிய உப்பு எப்படி வேர்க்கும் என்று சொல்வார்கள். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்போடு கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். கடலோரத்தில் இரவு முழுக்க ஈரப்பதம் அதற்கு மேல்தான் நிற்கும். அதனால் இறக்கையில் படிந்த உப்பு மழையே இல்லாவிட்டாலும் ராத்திரியெல்லாம் நனைந்தே கிடக்கும். காலையில் கையால் தடவினால் பிசுபிசுக்கிறதே, அது அந்த உப்புத் தண்ணீர்தான். அலுமினியத் தகட்டுக்குள் எஃகு போல்ட், நடுவே உப்புத் தண்ணீர். பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? அரிப்பு தொடங்கிவிடும், அதில் கரைவது அலுமினியம்.

ஆக, விமானத்தில் உப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் கணக்கு. கீழே வரும் ஒவ்வொன்றையும் நான் அதை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது?

தம்பிக்கு முன்னால் நாலு வழி இருந்தது. கிளப்பிலேயே கூரை மட்டும் உள்ள ஷெட், வாடகை குறைவு. அதே இடத்தில் நாலு பக்கமும் மூடிய ஹேங்கர், வாடகை இரண்டு மடங்கு. வெட்டவெளியில் நிறுத்தி முழு விமானத்துக்கும் உறை போடுவது. கடைசியாக, கடலிலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் இன்னொரு மைதானம், அங்கே மூடிய ஹேங்கர் மலிவு.

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது கூரை ஷெட்டை. மேலே கூரை இருக்கிறதே, வெட்டவெளியைவிட நல்லதுதானே என்று நினைப்பார்கள். கடலோரத்தில் பல சமயம் அது தலைகீழ். காற்று உப்பைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் தாராளமாகக் கொட்டும், ஆனால் மழை வந்து கழுவாது. நம்மூர் வீட்டுத் தாழ்வாரத்தில் பாருங்கள்: வெளியே மழையில் நிற்கும் இரும்புக் கேட்டைவிடத் தாழ்வாரத்துக்குள், மழை படாத மூலையில் இருக்கும் கொக்கியும் கீலும் முதலில் உரிந்து வரும். விமானத்தில் அந்த மூலை இறக்கையின் அடிப்பக்கம். தம்பி காட்டிய படமும் அடிப்பக்கம்தான். மழை மேலே மட்டும் கழுவிக்கொடுத்துவிட்டுப் போய்விடும், கீழே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முழு உறை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பளபளவென்று விளம்பரத்தில் நன்றாக இருக்கும். உப்புப் படிந்த விமானத்தின் மேல் உறையைப் போட்டால் ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கட்டி வைத்ததாக அர்த்தம். காற்றில் உறை படபடவென்று அடிக்கும்போது உள்ளே மாட்டிய மணல், பெயின்ட்டையும் கண்ணாடியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோலத் தேய்க்கும். காக்பிட் மேல் மூடிக்கு மட்டும் மெத்தென்ற துணி உறை போடுங்கள். வெயிலில் அக்ரிலிக் நரைக்காமல், உள்ளே கருவிகள் வேகாமல் இருக்கும். அது போதும்.

மூடிய ஹேங்கர் நல்லதுதான், காற்றோட்டம் இருந்தால். மேலே துவாரம் இல்லாத தகரப் பெட்டியாக இருந்தால் விடிகாலையில் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும். பக்கத்தில் யாராவது நீச்சல்குளக் குளோரின் டப்பாவோ உர மூட்டையோ வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அந்த ஆவிக்கு உப்பே தேவலை.

உள்நாட்டு மைதானம்? உப்பைப் பொறுத்தவரை அதற்கு ஈடு இல்லை. கரையிலிருந்து விலக விலகக் காற்றில் உப்பு வேகமாகக் குறையும். பாம்பனில் இற்றுப்போகும் தகரம் பரமக்குடியில் பல வருடம் கிடக்கிறது. ஆனால் போக ஒன்றரை, வர ஒன்றரை. முதல் இரண்டு மாதம் வாராவாரம் போவீர்கள், அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் பெருநாளைக்கு ஒரு தடவை. நிற்கிற எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

என் கணக்கு இது: பறந்து வந்ததும் அரை மணி நேரம் நின்று கழுவும் ஆள் நாலு பேரில் ஒருவராவது இருந்தால் கூரை ஷெட்டே போதும், மிச்சக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். அப்படி யாரும் இல்லையென்றால் இரட்டை வாடகை கொடுத்து மூடிய ஹேங்கருக்குப் போங்கள். தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் கழுவுவேண்ணே, மத்த மூணு பேரைத் தெரியாது" என்றார். நேர்மையான பதில்.

எந்தத் தண்ணீர், எதால் அடிப்பது

கழுவு என்று சொன்னதும் எல்லோருக்கும் கார் கழுவும் பிரஷர் மெஷின்தான் நினைவுக்கு வரும். வேண்டாம். அந்த வேகம் வீல் பேரிங்கின் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை உள்ளே ஏற்றும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒட்டுக்குள்ளும் உப்புத் தண்ணீரைத் திணித்துவிடும். சாதாரண ஹோஸ் நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது, தோளில் மாட்டிப் பயிருக்கு மருந்து அடிக்கும் 16 லிட்டர் கைப்பம்பு. புதுசாக வாங்க வேண்டும், மருந்து பட்டதை விமானத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நல்ல தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு இதன் அருமை தெரியும்: இரண்டு டேங்க் தண்ணீரில் ஒரு இரண்டு சீட் விமானத்தின் அடிவயிறு, சக்கரக் கால்கள், கீல்கள், எஞ்சின் மூடியின் வாய் எல்லாவற்றையும் அலசிவிடலாம். பம்பின் நீளக் குழாயை இறக்கைக்கு அடியில் விட்டு மேல்நோக்கி அடிக்கலாம். வேகமானிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளை இரண்டையும் மூடிக்கொண்டு அடியுங்கள். முடிந்ததும் அந்த மூடியை மறக்காமல் எடுங்கள்.

தண்ணீர் எப்படிப்பட்டது என்பது அடிக்கிற கருவியைவிட முக்கியம். எங்கள் தெரு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும், காவிரிக் கூட்டுக் குடிநீரில் சில நூறோடு நின்றுவிடும். அந்தப் போர் தண்ணீரில் விமானத்தைக் கழுவுவது, உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசுவது மாதிரி. வளைகுடாவில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், கழுவ அருமையானது. ஆனால் கிளப் தோட்டத்துக்கு விடும் குழாயிலும் அதேதான் வருகிறதா என்று கேட்டுவிட்டு இழுங்கள். டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவுதான் இருக்கும், ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் பார்க்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஸ்ப்ரே சண்டை

இதில்தான் நாலு பங்காளிகளும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பட்டறை வாசல் தென்னையில் நான் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கும் அலுமினியத் துண்டுகளைத் தம்பிக்குக் காட்டினேன். ஐந்து ஜோடி. ஒவ்வொன்றும் இரண்டு சின்னத் தகடுகளை மேலுக்கு மேல் வைத்து எஃகு போல்ட் போட்டு முடுக்கியது. இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, மத்தியானம் வேலை இல்லாத நாளில் செய்த விளையாட்டு. ஆனால் எட்டு மாதம் கழித்துப் பார்க்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்றும் பூசாத ஜோடி, போல்ட்டைச் சுற்றி மாவு அப்பியதுபோல வெளுத்துப் போயிருந்தது. டபிள்யூடி-40 அடித்ததும் ஏறக்குறைய அப்படியே. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஈரத்தை விரட்டுவதற்கு என்றே வந்த சரக்கு அது, பெரும்பகுதி கரைப்பான், காய்ந்து பறந்துவிடும். நனைந்த பிளக்கைக் காப்பாற்றலாம், இறக்கையை வருடக்கணக்கில் காக்க முடியாது. மூன்றாவது, நம்ம படகுக்காரர்கள் எஞ்சினுக்கு அடிக்கும் கழிவு ஆயில். மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசிய பழக்கத்தின் தொடர்ச்சி. தகடு காப்பாற்றப்பட்டிருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மணலும் தூசியும் ஒட்டிக் கறுப்புப் பசையாக இருந்தது. கழிவு ஆயிலில் எரிந்த மிச்சமும் அமிலமும் கலந்திருக்கும், விமானத்துக்குள் ஊற்றினால் எங்கே விரிசல், எங்கே கசிவு என்று ஒன்றையும் பார்க்க முடியாது.

மிச்சம் இரண்டும் அரிப்பைத் தடுக்கவென்றே விற்கும் ஸ்ப்ரே: ஏ.சி.எஃப்.-50, எல்.பி.எஸ்.-3. முதலாவது மெல்லிய எண்ணெய். அடித்த இடத்தில் நிற்காமல் ஒட்டுக்குள் ஊர்ந்து போகும். வெளிமுகத்தில் மழை கொஞ்சம் கழுவியிருந்தது, ஆனால் போல்ட்டைக் கழற்றிப் பிரித்தபோது இரண்டு தகட்டுக்கும் நடுவே உள்ள முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. கரோஷன்எக்ஸ் என்பதும் இதே ஜாதிதான், அந்த இரண்டுக்குள் எது என்று நான் சண்டை போட மாட்டேன், எது கிடைக்கிறதோ அது. எல்.பி.எஸ்.-3 மெழுகு மாதிரிக் காய்ந்து தோலாக நிற்கும். வெளிமுகம் அப்படியே புதுசு. ஆனால் ஒரு இடத்தில் என் நகம் கீறிய கோட்டின் வழியாக வெள்ளை தோலுக்கு அடியில் ஓடியிருந்தது.

அதனால் இப்படிப் பிரிக்கலாம். இறக்கைக்குள், வாலுக்குள், தகடும் தகடும் சேரும் ஒட்டுகளில் ஊர்ந்து போகும் எண்ணெய். வருடம் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கும். அசையாத, கையெட்டும் எஃகு போல்ட், பிராக்கெட் போன்ற இடங்களில் மெழுகு. இரண்டையும் பிரேக் டிஸ்க் பக்கம் விடாதீர்கள். ஊர்ந்து போகும் எண்ணெய் அடித்தால் பல வாரம் ரிவெட் வழியாகக் கசிந்து வெள்ளைப் பெயின்ட்டில் வழிந்துகொண்டே இருக்கும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு அப்புறம் ஸ்ப்ரே. வரிசை மாறினால் ஒட்டுக்குள்ளிருந்து எண்ணெய் வந்து புதுப் பெயின்ட்டை ஒட்டவிடாது.

ஏற்கெனவே வெள்ளை பூத்த இடத்தில் அப்படியே ஸ்ப்ரே அடித்து மூடுவது ஏமாற்று வேலை. அதை எஞ்சினியர் பார்க்கட்டும். பல விமானங்களில் பலமான அலுமினியக் கலவைத் தகட்டின் மேல் சுத்த அலுமினியம் மெல்லிசாகப் போர்த்தியிருக்கும், அதுதான் கவசம். இரும்புக் கம்பி பிரஷ்ஷாலோ முரட்டு உப்புத்தாளாலோ தேய்த்தீர்களானால் வெள்ளையோடு கவசமும் போய்விடும்.

எஞ்சின்: பறப்பதா, சும்மா ஓட்டுவதா, படுக்க வைப்பதா

நான் வேலை பார்த்த ஒரு கிளப்பில் ஒருவர் பழைய செஸ்னா வைத்திருந்தார், லைகமிங் எஞ்சின். எட்டு மாதம் பறக்க நேரம் இல்லை. ஆனால் அக்கறையான மனுஷன், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பத்து நிமிடம் தரையிலேயே ஸ்டார்ட் பண்ணி ஓட்டிவிட்டுப் போவார். ஒன்பதாம் மாதம் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன், மடிப்புக்குள் மினுமினுவென்று இரும்புத் தூள். எஞ்சினைத் திறந்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் மேடுகள் அம்மை வடு மாதிரி குழிந்திருந்தன.

அவர் செய்த தப்பு ஓட்டாமல் விட்டது அல்ல, அரைகுறையாக ஓட்டியது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும், அது ஆயிலில் சேரும். பத்து நிமிடத்தில் ஆயில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் அளவுக்குச் சூடாகாது. லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, நின்றால் முதலில் ஆயில் வடிந்து காய்வது அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் அவர் எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால் மூன்று வழியில் நடுவழியை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை அரை மணிக்குக் குறையாமல் நிஜமாகப் பறப்பது முதல் வழி. ரோட்டாக்ஸில் பறக்கும் நாளில் ஒரு தடவையாவது ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது, அப்போதுதான் தண்ணீர் வெளியேறும். லைகமிங்குக்கு 74 டிகிரிக்கு மேல். அது முடியாது, மூன்று மாதம் ஊருக்குப் போகிறோம் என்றால் முறைப்படி படுக்க வைப்பது இன்னொரு வழி: கையேடு சொல்லும் பாதுகாப்பு ஆயில், பிளக் இருக்கும் இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக், சைலன்சர் வாயையும் காற்று உள்ளே போகும் வாயையும் அடைப்பது, புரொப்பெல்லரில் 'சுற்றாதே' என்று சீட்டு. நீல ஜெல் ரோஜா நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். நாலு பங்காளி இருப்பதில் ஒரு நன்மை, ஒருவர் லீவில் இருந்தாலும் மற்றவர் பறக்கலாம். முறை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள் என்றேன்.

ரோட்டாக்ஸுக்கே உரிய ஒரு வேலை உண்டு. ஆயில் தனி டேங்கில் இருப்பதால் அளவு பார்க்கும் முன் இக்னிஷன் இரண்டும் ஆஃப் என்று உறுதிசெய்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். கொஞ்சம் சுற்றியதும் டேங்கிலிருந்து 'கொளகொள' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஏப்பம் விட்டால்தான் குச்சியில் தெரியும் அளவு உண்மை. இதைச் செய்யாமல், ஆயில் குறைகிறது என்று ஊற்றி ஊற்றி நிறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஹோஸ்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், வளைகுடா வெயிலில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எரிபொருளில் தம்பிக்குப் பெரிய குழப்பம் இல்லை, வளைகுடாவில் பம்பில் எத்தனால் கிடையாது. ஈயம் கலந்த ஏவியேஷன் பெட்ரோலை மட்டுமே ஊற்றினால் ரோட்டாக்ஸில் ஈயக் கசடு சேரும், 100 மணி நேரம் ஓடியதும் மாற்றும் ஆயிலை 50 மணி நேரத்திலோ அதற்கும் முன்போ மாற்ற வேண்டிவரும். நல்ல கார் பெட்ரோல் கிடைக்கிற இடத்தில் அதுவே லாபம். இந்தியாவுக்குள் ரோட்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். பம்பில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, ரோட்டாக்ஸ் அனுமதிப்பது 10 வரைக்கும்தான். அவர்களுக்கு ஏவியேஷன் பெட்ரோலும் அடிக்கடி ஆயில் மாற்றுவதும்தான் வழி. 2022இலிருந்து இந்தியன் ஆயிலே அதைக் குஜராத் ஆலையில் தயாரிக்கிறது. சந்தேகம் இருந்தால் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், மேலே பெட்ரோல், குலுக்கி வையுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு முன்பிருந்ததைவிட ஏறியிருந்தால் எத்தனால் இருக்கிறது.

பேட்டரி, கயிறு, சில்லறை

லித்தியமா, ஈய பேட்டரியா? ஈயம் சுமார் 7 கிலோ, அதே வேலையைச் செய்யும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் 2 கிலோ சொச்சம். மிச்சம் பிடிக்கும் 5 கிலோ என்பது 7 லிட்டர் பெட்ரோல், அதாவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பறக்கலாம். இரண்டு பேரும் கனமான ஆட்களாக இருந்து டேங்கை நிரப்ப முடியாமல் பறக்கிறீர்கள் என்றால் லித்தியம் நியாயம். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு ஈய பேட்டரி இரண்டு வாங்கலாம், கெட்டுப்போகும் முன் தள்ளாடி எச்சரிக்கையும் கொடுக்கும். எது போட்டாலும் எடை, சமநிலைக் கணக்கைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும்.

கயிறு விஷயத்தில் நம்ம மீனவர்களிடம் கேட்டாலே போதும். பச்சை, மஞ்சள் பாலிப்ரோப்பிலீன் கயிறு மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வெயிலில் வெகு சீக்கிரம் நார் நாராக உதிரும். நைலான் இழுபடும், திடீர்க் காற்றின் உதறலைத் தாங்கிக்கொள்ளும். நான் தேர்ந்தெடுப்பது பாலியெஸ்டர், இழுபடாது, வெயிலுக்கும் நிற்கும். கயிற்றைவிட முளைதான் ஆபத்து. மணல் தரையில் திருகி இறக்கும் முளை ஒரு நல்ல காற்றுக்குப் பல் விழுந்ததுபோல வந்துவிடும். மணல் மூட்டையையோ கட்டையையோ இடுப்பளவு ஆழத்தில் குறுக்காகப் புதைத்து, அதிலிருந்து சங்கிலியை மேலே கொண்டுவாருங்கள், தனுஷ்கோடிப் பக்கம் படகு கட்டுகிற மாதிரி. புயல் என்று அறிவித்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் கிடையாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயிலையே கொண்டுபோன கடல் இது. விமானத்தை முன்னாலேயே உள்நாட்டுக்கு ஓட்டிப்போய்விட வேண்டும்.

சில்லறைச் சாமான்களில் நான் அவரை வாங்கச் சொன்னவை: பிட்டோ குழாய்க்கு நல்ல உறை, சிவப்பு ரிப்பன் நீளமாகத் தொங்கும்படி. மண்கூடு கட்டும் வேட்டுவக் குளவிக்கு அந்தத் துளை அளவெடுத்துச் செய்த வீடு, இரண்டு நாளில் அடைத்துவிடும், அப்புறம் வேகமானி பொய் சொல்லும். எஞ்சின் புகையோடு உள்ளே கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க நிறம் மாறும் அட்டை வேண்டாம், சத்தம் போட்டு எழுப்பும் மின்னணுக் கருவி. விமானத்தில் அட்டையைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பீர்கள்? போனில் மாட்டும் பாம்புக் கேமரா ஒன்று, இறக்கைக்குள் விட்டு வெள்ளை பூத்திருக்கிறதா என்று பார்க்க. இதை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கனவுகூடக் கண்டதில்லை. விலையுயர்ந்த ஹெட்செட்டைப் பற்றியும் கேட்டார். காது அவருடையது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

டீ ஆறிப்போனதும் லிஸ்டை மடித்து வைத்தார். மூடிய ஹேங்கரும் லித்தியமும் அடிபட்டிருந்தன. ஊருக்குப் போகும் வழியில் ராமநாதபுரத்தில் இறங்கி டி.டி.எஸ். மீட்டரோடு 16 லிட்டர் கைப்பம்பும் வாங்கியிருக்கிறார். வளைகுடாவிலேயே கிடைக்குமே தம்பி என்றால், "இங்க விலை கம்மிண்ணே" என்று போனில் சிரிக்கிறார். கீழக்கரை பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டதோடு, எந்த வயலுக்கு என்றும் கேட்டாராம்.